சோளகக் காலத்து முட்டைப்பந்து

பந்து அன்றைக்கும் வரவில்லை. முற்றவெளி மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டு பாகத் தூரம் உள்ளே, செல்வரட்ணம் இடுப்பில் கையை ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தான். நடுவில் பதினாறு பேர் எட்டெட்டாகப் பிரிந்து, தோளோடு தோள் பின்னி, தலையோடு தலை கொடுத்து முட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கால்களுக்கிடையில் எங்கோ பந்து கிடந்தது. கிளம்பிய புழுதியைத் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அள்ளிக்கொண்டுவந்து அவனுடைய முகத்தில் போட்டது. ஆட்டத்திலிருந்து அவனுக்குக் கிடைத்த பங்கு அந்தப் புழுதி மட்டும்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில் உதைபந்தும் கிரிக்கெட்டும் விளையாடாத பெடியன் இல்லை. றக்பி என்றால்தான் யாருக்கும் தெரியாது. வீதி போட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் பொழுது போகாமல் ஆட்களைச் சேர்த்துப் பழக்கிவிட்டு, மாற்றலாகிப் போகும்போது பந்தையும் விட்டுவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் கூம்பியிருந்த அந்தப் பந்தைப் பார்த்துச் சனம் முட்டைப்பந்து என்று பெயர் வைத்தது. கையால் முன்னுக்கு எறியக்கூடாது, பின்னால் வருகிறவனுக்கு மட்டும்தான் எறியலாம் என்ற சட்டத்தைக் கேட்டுவிட்டு, வேலியோரம் நின்று பார்க்கிற கிழவர்கள் சிரித்தார்கள். முன்னுக்குப் போகவேண்டிய விளையாட்டில் பின்னுக்கு எறிகிறதாம்.

செல்வரட்ணத்தைக் கண்டுபிடித்ததும் அந்த எஞ்சினியர்தான். மீன்பிடி ஊரான குருநகரில் கோயில் பெருநாளுக்குக் கடற்கரை மணலில் ஓட்டப்போட்டி வைப்பார்கள். ஈர மணலோ காய்ந்த மணலோ, செல்வரட்ணத்தை யாரும் முந்தியதில்லை. அதைப் பார்த்த எஞ்சினியர் அவனையும் அவன் ஊர்க்காரர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்தினார். நடுவில் முட்டித் தள்ளுகிறவர்கள் எல்லோரும் வலிகாமத்துப் புகையிலைத் தோட்டக்காரர்கள். அவர்களுக்குத் தலைவன் அச்சுவேலி மார்க்கண்டு. கிணற்றுத் துலா மிதித்து உரமேறிய கால், கதவுநிலை அளவு தோள். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒட்டிக்கொண்டு தள்ளுவார்கள். பந்து எப்போதாவது வெளியே வந்தால் நல்லூர்ப் பொன்னம்பலத்தின் கைக்கு வரும். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அவன் அதை உயர உதைப்பான், அல்லது திரும்பவும் மார்க்கண்டுவிடமே கொடுப்பான். ஓரத்துக்கு எறியக்கூடாது என்று யாரும் தீர்மானம் போடவில்லை. அப்படியே நடந்துவந்தது, அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் யாராவது ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் புறப்படும்போது, குருநகர்க்காரர் மூன்று பேரும் "வலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கிழக்கே திரும்பிவிடுவார்கள். அதுவும் அப்படியே நடந்துவந்ததுதான்.

வீட்டுக்குப் போனால் மனைவி அருமைநாயகி அவன் கழற்றின சேட்டை வாங்கி விரித்துப் பார்ப்பாள். மடிப்புக்கூடக் குலைந்திருக்காது.

"விளையாடப் போனனீங்களோ, பூசைக்குப் போனனீங்களோ?"

அவனுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். பிறகு ஏன் போனான் என்றால், காரணம் இருந்தது. ஒருநாள் பந்து வரும் என்று நினைத்தான். வந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். தோணியில் வலை இழுக்கும்போதும், சந்தையில் மீன் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும்போதும் அந்த ஓட்டத்தை அவன் மனதுக்குள் ஓடிப் பார்த்திருக்கிறான். அந்த ஓட்டங்களில் அவன் ஒருமுறையும் தடுக்கி விழுந்ததில்லை.

அந்த வருடம் வைகாசியில்தான் சோமசேகரம் வந்தார். கொக்குவில்காரர், மலாயாவில் ஈப்போவில் றெயில்வே உத்தியோகம்; தங்கையின் கலியாணத்துக்காக நீண்ட லீவில் வந்திருந்தார். அங்கே ஒரு கழகத்துக்காகப் பல வருடம் றக்பி ஆடி, வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக, ஒரு காலை இழுத்து இழுத்து முற்றவெளிக்கு வந்தவர், முதல் நாள் முழுக்க ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணக் கழகக்காரர் அவரைப் பயிற்சியாளராக இருக்கும்படி கேட்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிலத்தில் குந்தியபோது, ஓரத்தில் வியர்வையில்லாமல் நின்ற மூவரையும் தொப்பியால் காட்டிக் கேட்டார்.

"அவையள் மூண்டு பேரும் ஏன் விளையாடேல்லை? காயமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மார்க்கண்டுதான் விளக்கம் சொன்னான். "அவையள் ஓரத்துக்காரர், ஐயா. பந்து வந்தால் ஓடுவினம்."

"வந்ததோ?"

சிரிப்பு நின்றுபோனது. பொன்னம்பலம் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான். பிறகு அதையே திரும்பவும் கட்டினான்.

மறுநாளிலிருந்து முற்றவெளியில் நடந்ததைப் பார்த்தவர்கள் இது வேறு விளையாட்டு என்றார்கள். முட்டித் தள்ளுவதை அவர் குறைத்தார். "மார்க்கண்டு, நீ தள்ளாதை. நிண்டு பிடி. பந்து காலடிக்கு வந்தவுடனை குதிக்காலாலை பின்னுக்குத் தட்டிவிடு." உதைப்பதை நிறுத்தினார். "சோளகத்துக்கை உயர உதைச்சால் பந்து எங்கடை தலையிலைதான் வந்து விழும். கை இருக்குத்தானே?" ஒரு பந்துதான் இருந்தது என்பதால் உரிக்காத தேங்காயைக் கையில் கொடுத்து, நிரையாக ஓடவிட்டு, ஒருவர் மாறி ஒருவருக்கு எறியவைத்தார். தேங்காய் விழுந்தால் எல்லோரும் திரும்பத் தொடங்கின இடத்துக்குப் போகவேண்டும். கச்சேரி உத்தியோகத்தர், புகையிலைத் தோட்டக்காரர், மீன்பிடிகாரர் எல்லோரும் ஒரு நிரையில் தேங்காயோடு ஓடுவதைப் பார்க்கச் சந்தையிலிருந்து சனம் வந்தது.

மார்க்கண்டுவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளாமல் நிக்கிறதுக்கு என்னத்துக்கு ஐயா நான்? ஒரு தூணை நட்டுவிடுங்கோவன்."

சோமசேகரம் கோபிக்கவில்லை. "கொழும்பிலையிருந்து வாறவன் ஒவ்வொருத்தனும் எருமை. எங்களிலை நீ ஒருத்தன்தான் எருமை. மற்றதெல்லாம் ஆட்டுக்குட்டி. முட்டினால் ஆர் வெல்லுவான், சொல்லு பாப்பம்? அவங்கள் எட்டுப் பேரையும் ஒரு இடத்திலை பிடிச்சு வைச்சிரு. அது காணும். அந்த நேரம் அங்கை எவ்வளவு வெளி கிடக்கு, பார்." கையை நீட்டிக் கிழக்கு ஓரத்தைக் காட்டினார். "வெளி கிடக்கிற இடத்துக்குப் பந்து போகவேணும்."

அந்தச் சொல்லைக் கேட்டபோது செல்வரட்ணம் கிழக்கு ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான். இந்த மனிசன் எனக்காகத்தான் கடல் கடந்து வந்திருக்கிறார் என்று நினைத்தான். அன்றைக்குப் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு அவருக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே, "எங்களையும் ஒரு ஆளா மதிச்சியள், ஐயா" என்றான். சோமசேகரம் நின்று அவனை விளங்காதவர்போலப் பார்த்தார். "நான் ஆரையும் மதிக்கேல்லை, தம்பி. அந்த இடத்திலை வெளி கிடக்கு. ஒரு கழுதை அங்கை நிண்டாலும் கழுதைக்குத்தான் எறியச் சொல்லியிருப்பன்." சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார். செல்வரட்ணத்துக்கு முதலில் வலித்தது. குருநகரின் குறுகிய ஒழுங்கைக்குள் இறங்கும்போது, இதுவே நல்லதென்றும் பட்டது.

பந்து வரத் தொடங்கியது. வரத் தொடங்கியபிறகுதான் தொல்லை. வந்த பந்தை அவன் விட்டான். முதல் கிழமை முழுக்கப் புதுப் பழக்கம் என்றார்கள். இரண்டாம் கிழமையும் விட்டான். ஈர வலையை, வழுக்குகிற மீனை, காற்றில் அடிபடுகிற பாய்க்கயிற்றை ஒருநாளும் நழுவவிடாத கை அது. பந்து அவனை நோக்கி வரும்போது மட்டும் விரல்கள் மரக்கட்டையாகிவிடும். நெஞ்சில் பட்டுத் தெறிக்கும். இல்லையென்றால் அவனுக்குப் பின்னால் விழுந்து, அந்தக் கூம்பின் குணத்தால் எங்கோ ஓடிப்போகும். பொன்னம்பலம் ஏசமாட்டான். "பறவாயில்லை, நீர் வாரும்" என்பான். அந்த மரியாதை ஏச்சைவிட மோசமாக இருந்தது. பந்து வராத காலத்தில் அவனிடம் ஒரு நியாயமாவது இருந்தது. அந்த நியாயத்தோடு இரவில் நிம்மதியாகப் படுத்து உறங்கலாம். இப்போது அதையும் சோமசேகரம் பறித்துவிட்டார்.

ஆடியில் கொழும்பிலிருந்து துறைமுக ஆட்களின் அணி ஒன்று மெயில் றெயிலில் வந்தது. சனிக்கிழமை ஒரு ஆட்டம், புதன்கிழமை ஒரு ஆட்டம். சனிக்கிழமை முற்றவெளியைச் சுற்றி மூன்று நிரையில் சனம். கொழும்பார் உண்மையிலேயே எருமைகள்தான். ஆனால் மார்க்கண்டு சொன்னதுபோலத் தூணாக நின்றான், பந்து குதியால் தட்டுப்பட்டுப் பின்னால் வந்தது, பொன்னம்பலம் எடுத்தான், இடையில் நின்றவனைத் தாண்டி நேரே ஓரத்துக்கு நீட்டி எறிந்தான். செல்வரட்ணத்துக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. கோடு வரைக்கும் வெறும் புல். இரண்டு வருடம் மனதுக்குள் ஓடின அதே புல். அவன் கையை நீட்டினான். பந்து விரல்நுனியில் பட்டு, பின்னால் போய், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே உருண்டது.

சனம் ஒரே குரலாக "ஆ" என்றது. அந்தச் சத்தம் அவனுக்குள் கனகாலம் கிடந்தது. பிறகு கொழும்பார் தட்டி எடுத்துப் பதினொரு புள்ளி போட்டார்கள். யாழ்ப்பாணம் ஒன்றும் போடவில்லை. வேலியோரத்தில் ஒருவர் குருநகரின் பழைய பெயரைச் சொல்லிப் பலத்து ஏசினார்: "கரையூரானை நம்பிப் பந்தைக் குடுத்தால் இதுதான். மார்க்கண்டுவைத் தள்ள விட்டிருந்தால் இவ்வளவு கேவலம் வந்திராது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, ஓரத்து ஆட்களில் ஒருவனான கனிசியஸ் செய்தி கொண்டுவந்தான். கழகக்காரர் கூடியிருக்கிறார்கள். புதன்கிழமை பழைய மாதிரி முட்டித் தள்ளி ஆடவேண்டும், செல்வரட்ணத்தின் இடத்தில் வேறு ஆள் போடவேண்டும் என்று பேச்சு. "அந்த ஆளை ஓரத்திலையிருந்து எடுத்தால் என்னையும் சேர்த்து எடுங்கோ" என்று சோமசேகரம் தொப்பியை மேசையில் வைத்தாராம். பொன்னம்பலம் என்ன சொன்னான் என்று செல்வரட்ணம் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லையாம்.

அன்று பின்னேரம் அவன் கரையில் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒழுங்கைச் சிறுவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்னால் ஒரு சைக்கிள். பொன்னம்பலம் வேர்த்து விறுவிறுத்து மிதித்துக்கொண்டுவர, பின் கரியரில் கெட்ட காலை நீட்டியபடி சோமசேகரம் உட்கார்ந்திருந்தார். மடியில் பந்து. நல்லூரான் ஒருவன் அந்த ஒழுங்கைக்குள் வருவதே புதினம். இப்படி ஒரு சுமையோடு வருவது இன்னும் புதினம். வாசலில் நின்ற அருமைநாயகி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்வரட்ணம் எழுந்து நின்றான். "என்ரை கையிலைதான் பிழை, ஐயா. வேறை ஆளைப் போடுங்கோ."

"கையிலை பிழையில்லை. காலிலை பிழை." சோமசேகரம் கவிழ்ந்து கிடந்த தோணியில் குந்தினார். "சனிக்கிழமை பந்து வரேக்கை நீ என்ன செய்தனி?"

"கையை நீட்டினனான்."

"அதுக்கு முதல்?"

"நிண்டனான்."

"அதுதான். நிண்டு பழகிப்போட்டாய். பந்து வந்தாப் பிறகு ஓடலாம் எண்டு நினைக்கிறாய். நிக்கிறவனுக்கு எறியிற பந்து அவன்ரை நெஞ்சிலை படும், இல்லாட்டில் முதுகுக்குப் பின்னாலை போகும். பந்து பொன்னம்பலத்தின்ரை கைக்கு வரமுந்தியே நீ ஓடத் தொடங்கவேணும். உனக்கு முன்னாலை ஒண்டும் இராது. அந்த ஒண்டுமில்லாத இடத்துக்கு நீ போய்ச் சேர, பந்தும் வந்து சேரும்."

"வராட்டி?"

கேட்டபிறகுதான் அது எவ்வளவு பழைய கேள்வி என்று அவனுக்கே தெரிந்தது. சோமசேகரம் பொன்னம்பலத்தைப் பார்த்தார். பொன்னம்பலம் சைக்கிளைப் பிடித்தபடி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நானும் உம்மைப் பார்த்துத்தான் எறியிறனான்," என்றான் கடைசியில். "நீர் நிக்கிற இடத்துக்கு. நீர் வரப்போற இடத்துக்கு எறிய எனக்கும் பயம். ஆள் இல்லாத இடத்துக்கு எறிஞ்சு, நீர் வராமல் விட்டால், பிழை என்னிலை எல்லோ?"

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தான்," என்று சோமசேகரம் பந்தைத் தூக்கி மணலில் போட்டார். "இன்னுமொண்டு. பந்து வேணுமெண்டால் வாயைத் திறந்து கூப்பிடு. இண்டைவரைக்கும் உன்ரை சத்தம் நான் கேக்கேல்லை. என்னண்டு கூப்பிடுவாய்?"

செல்வரட்ணம் பொன்னம்பலத்தை ஏறிட்டுப் பார்த்தான். கச்சேரி உத்தியோகத்தனை, நல்லூர் வாத்தியாரின் மகனை, மரியாதை ஒன்றும் ஒட்டாமல் எப்படிக் கூப்பிடுவது? "பொன்னம்பலம் அண்ணை எண்டு…"

"அதைச் சொல்லி முடிக்க ஆட்டம் முடிஞ்சிடும். வீட்டிலை என்னண்டு கூப்பிடுறவை, பொன்னம்பலம்?"

அவன் முகம் சிவந்தது. "அம்மா பொன்னு எண்டுவா."

வீட்டுக்குள்ளிருந்து அருமைநாயகியின் சிரிப்பு வெளியே கேட்டது. "சரி. பொன்னு எண்டு கத்து," என்றார் சோமசேகரம்.

அந்தப் பின்னேரமும், திங்களும், செவ்வாயும் குருநகர்க் கரையில் "பொன்னு! பொன்னு!" என்ற சத்தம் கேட்டது. திங்களும் செவ்வாயும் பொன்னம்பலம் கச்சேரி விட்டு நேரே, தனியாகவே வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மணலில் ஓடினான். செல்வரட்ணம் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து ஓடினான். ஓடுகிற ஒவ்வொரு முறையும், இந்தமுறை வராது என்று உடம்பு சொன்னது. சில முறை வரவும் இல்லை, கடலில் விழுந்தது. சிறுவர்கள் நீந்திப்போய் எடுத்துவந்தார்கள். திங்கட்கிழமை பொழுது சாய்கிறபோது அருமைநாயகி இளநீர் ஒன்றை வெட்டி முற்றத்து மரக்குற்றியில் வைத்தாள். தங்கள் வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பொன்னம்பலம் என்ன சொல்வான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரிந்திருக்காது. பொன்னம்பலம் இளநீரைக் குடித்தான். மறுநாளும் இளநீர்தான் குடித்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை வெறும் இளநீர்க் கோம்பையைக் கீழே வைத்துவிட்டு உடனே எழும்பாமல் கொஞ்சநேரம் குந்தியிருந்தான்.

புதன்கிழமை காற்று இன்னும் பலமாக இருந்தது. கழகக்காரர் சோமசேகரத்தின் சொல்லுக்கு விட்டுவிட்டார்கள். தோற்றால் அவரோடு தீரட்டும் என்று இருந்திருக்கலாம். கொழும்பார் முதலிலேயே கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து மூன்று, வைத்த இடத்துக்கு நேரே நின்று கம்பங்களுக்கு நடுவால் உதைக்கிற மேல் உதைக்கு இரண்டு என்று ஐந்து புள்ளி எடுத்தார்கள். அதன்பிறகு யாரும் யாரையும் விடவில்லை. ஆட்டம் முடிகிற தறுவாயில் கொழும்பாரின் கோட்டுக்குக் கிட்ட முட்டல் நடந்தது. பந்து மார்க்கண்டுவின் காலடியில். தள்ளினால் அவனே கோட்டைத் தாண்டிவிடுவான்போல இருந்தது. "தள்ளு மார்க்கண்டு, தள்ளு!" என்று முற்றவெளி முழுக்கக் கத்தியது. அவனுடைய கழுத்து நரம்பு புடைத்து நிற்பது ஓரத்திலிருந்தே தெரிந்தது. அவன் நினைத்தால் அன்றைக்குப் பெயர் அவனுடையது. அவன் குதியால் பந்தைப் பின்னுக்குத் தட்டினான்.

செல்வரட்ணம் அப்போதே ஓடத் தொடங்கியிருந்தான். பந்து இன்னும் பொன்னம்பலத்தின் கைக்கு வரவில்லை. முன்னால் காற்றும் புழுதியும் தவிர ஒன்றுமில்லை. "பொன்னு!" என்று கத்தினான். அத்தனை சனத்துக்கு முன்னால், கச்சேரிக்காரரும் நல்லூர்க்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெயரைக் கத்தினான். பொன்னம்பலம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே, ஆளில்லாத இடத்துக்கு எறிந்தான். அந்தப் பந்து எப்போது கைக்குள் வந்தது என்று செல்வரட்ணத்துக்குத் தெரியாது. ஏற்கெனவே அங்கே இருந்ததுபோல இருந்தது. மூலையில், கொடிக்கம்புக்கு ஒட்டி, கோட்டைத் தாண்டி விழுந்து, பந்தைத் தனக்குக் கீழே வைத்துக்கொண்டு மண்ணில் முகம் புதைத்தான். மூன்று புள்ளி.

மூலையிலிருந்து, அந்தக் காற்றில், மேல் உதை கம்பத்துக்குக் கிட்டவும் போகவில்லை. ஐந்துக்கு மூன்று. தோல்விதான். ஆனால் தோற்றவர்களைச் சனம் தோளில் தூக்கியது. சோமசேகரம் மட்டும் காலை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்து, தோளில் இருந்த செல்வரட்ணத்தைக் கீழே இறக்கச் சொல்லி ஏசினார். "மடையா! அங்காலை ஒருத்தனும் இல்லை. பந்தைக் கொண்டு நடுக் கம்பத்துக்கு ஓடியிருந்தால் உதை லேசு, ஐஞ்சுக்கு ஐஞ்சு, தோத்திருக்கமாட்டம். கோட்டைக் கண்டவுடனை ஏன் விழுந்தனி?" செல்வரட்ணம் முகத்து மண்ணைத் துடைத்தான். அவனுடைய மனதுக்குள் ஓடின ஓட்டமெல்லாம் அந்தக் கோட்டோடு முடிந்துவிடும். அதற்கு அங்கால் அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

சோமசேகரம் ஐப்பசியில் ஈப்போவுக்குத் திரும்பிப்போனார். அடுத்த இரண்டு பருவம் யாழ்ப்பாணம் அவர் காட்டின மாதிரியே ஆடியது. மார்க்கண்டு புதிதாக வந்தவர்களுக்கு, "தள்ளாதை, நிண்டு பிடி" என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொடுத்தான். பிறகு உலகச் சண்டை வந்தது. முற்றவெளியில் பட்டாளத்துக் கூடாரங்கள் எழும்பின. மலாயாவை யப்பான்காரன் பிடித்தபிறகு சோமசேகரத்தைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பழைய ஆட்கள் சந்தையில் கண்டால், அந்த ஐந்துக்கு மூன்றைப் பற்றித்தான் கதைப்பார்கள். வென்ற ஆட்டங்கள் ஒருவருக்கும் நினைவில் இல்லை. செல்வரட்ணம் அதில் கலந்துகொள்வான், சிரிப்பான். ஆனால் யாருக்கும் சொல்லாமல் தனக்கென்று வைத்திருந்தது ஆட்டத்தை அல்ல, அந்தப் புதன்கிழமை அந்தியை.

சனம் கலைந்து, கழகக்காரர் கொழும்பாரை விருந்துக்குக் கூட்டிக்கொண்டுபோன நேரம். செல்வரட்ணம் வழக்கம்போல, "வலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கிழக்கே திரும்பினான். கொஞ்சத்தூரம் போனபிறகு பின்னால் சைக்கிள் சத்தம். விருந்துக்குப் போகாமல் வந்த பொன்னம்பலம் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட நடந்தான். இருவருடைய சேட்டும் ஒரே மண்நிறம். குருநகர் ஒழுங்கை திரும்புகிற இடத்தில் இருவரும் நின்றார்கள்.

"நாளைக்கு வாறன்," என்றான் பொன்னம்பலம்.

"நாளைக்கு ஆட்டம் இல்லையே."

"ஓம், தெரியும்."

அவன் சைக்கிளை ஒரு பூவரச மரத்தில் சாய்த்துவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இறால் பிடிக்கப் போகிற தோணிகள் ஆழமில்லாத பரவைக்கடலில் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றாக விளக்குக் கொளுத்தினார்கள். முதலில் கரைக்குக் கிட்ட ஒன்று, பிறகு அதற்கு அங்கால் ஒன்று.

"எந்த விளக்கு ஆரின்ரை எண்டு தெரியுமே?"

"தெரியும்." செல்வரட்ணம் கையை நீட்டிக் காட்டத் தொடங்கினான். "அது எங்கடை மாமான்ரை. பக்கத்திலை ஆடுறது கனிசியஸின்ரை தமையன். அங்காலை, மங்கலாத் தெரியிறது கிறகோரியண்ணை, எப்பவும் எண்ணெய் குறைச்சுத்தான் விடுவார்…"

"அதுக்கும் அங்காலை?"

மற்ற எல்லா விளக்குகளையும் விட்டு விலகி, தீவுப் பக்கத்து இருட்டுக்குள், ஒற்றை விளக்கொன்று போய்க்கொண்டிருந்தது. செல்வரட்ணம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கனநேரம் பார்த்தான். அது யாருடையது என்று அவனுக்கும் தெரியவில்லை. காற்று அடிக்கும்போது அணைந்ததுபோல மறைந்து, இன்னும் கொஞ்சம் தள்ளித் திரும்பவும் தெரிந்தது.